‘சைக்காலஜி படிச்சா என்ன வேலை?’ - சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘சைக்காலஜி படிக்கிறேன்’ என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அப்போ நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்ப்போம்!” சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வி வரும்: “அது சரி, படிச்சு முடிச்சா என்ன வேலை?”

முதல் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவதற்குத்தான் பல மாணவர்களிடமே தெளிவான பதில் இருப்பதில்லை. மூன்று வருடம் பி.எஸ்சி., இரண்டு வருடம் எம்.எஸ்சி. முடித்து, வேலை தேடும்போது விளம்பரத்தில் ‘ஆர்.சி.ஐ. பதிவு கட்டாயம்’ என்ற ஒற்றை வரியைப் பார்த்த பிறகுதான், ‘அது என்ன ஆர்.சி.ஐ.?’ என்று கூகுளில் தேடுகிறவர்கள் உண்டு. ஐந்து வருடமும் லட்சக்கணக்கில் பணமும் செலவான பிறகு தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது. அட்மிஷன் ஃபார்ம் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அதிலும் கடந்த சில ஆண்டுகளில் விதிகள் வேகமாக மாறியிருக்கின்றன. எம்.ஃபில். படிப்பு முடிவுக்கு வருகிறது. தொலைநிலைக் கல்வியில் உளவியலுக்குக் கதவு மூடப்பட்டிருக்கிறது. சீனியர் அண்ணனோ அக்காவோ போன வழி இன்றைக்குத் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

உளவியல் படித்தவர் எல்லாம் ‘சைக்காலஜிஸ்ட்’ ஆகிவிட முடியுமா?

இங்கே மூன்று பேரை நாம் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாமவர் மனநல மருத்துவர், அதாவது சைக்யாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பவர் இவர். உளவியல் பட்டம் வழியாக இந்த இடத்துக்கு வர முடியாது. நீட் எழுதித்தான் வர வேண்டும்.

இரண்டாமவர் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். நுண்ணறிவு, ஆளுமை, நினைவாற்றல் போன்றவற்றுக்கான சோதனைகளை நடத்துவார், மனநலப் பிரச்சினைகளை மதிப்பிடுவார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார்.

மூன்றாமவர் கவுன்சலர். பள்ளி, கல்லூரி, அலுவலகம், போதை மீட்பு மையம், குடும்ப நீதிமன்றம் எனப் பல இடங்களில் வேலை செய்பவர். அன்றாட வாழ்க்கைச் சிக்கல்களில் வழிகாட்டுவதும், சிகிச்சை தேவைப்படுபவர்களை அடையாளம் கண்டு சரியான இடத்துக்கு அனுப்புவதும் இவரது வேலை.

உளவியலில் இளநிலை, முதுநிலைப் பட்டம் பெற்றவர் இவர்களில் இரண்டாமவராக உடனே ஆகிவிட முடியாது. இதைத்தான் பல கல்லூரிகளின் விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஆர்.சி.ஐ. பதிவு என்றால் என்ன?

இந்திய மறுவாழ்வு மன்றம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஆர்.சி.ஐ. 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுப் பணிகளில் ஈடுபடும் நிபுணர்களின் மத்தியப் பதிவேட்டை இது பராமரிக்கிறது. மருத்துவ உளவியலாளர்களும் இந்தப் பதிவேட்டில்தான் வருகிறார்கள்.

இந்தப் பட்டியலில் பெயர் இல்லாமல் மறுவாழ்வு நிபுணராகத் தொழில் செய்தால், ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் வரையறுத்திருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றிருக்க வேண்டும். அல்லது உளவியலில் முதுநிலைப் பட்டத்துடன், மேற்பார்வையின் கீழான நேரடிப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்., அதுவும் யு.ஜி.சி., ஆர்.சி.ஐ. அங்கீகாரத்துடன், முடித்திருக்க வேண்டும்.

‘மேற்பார்வையின் கீழான நேரடிப் பயிற்சி’ என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். புத்தகத்தில் மனச்சிதைவு பற்றிப் பத்துப் பக்கம் படிப்பது ஒன்று. மருத்துவமனை வார்டில் அந்த நோயாளியின் எதிரில் உட்கார்ந்து, குடும்பத்தாரிடம் விவரம் கேட்டு, எழுதியதை மூத்த நிபுணரிடம் காட்டித் திருத்தம் வாங்குவது இன்னொன்று. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்து உட்காரும்போது என்ன கேட்க வேண்டும், யாரை உடனே அழைக்க வேண்டும் என்பது இரண்டாவது வகைப் பயிற்சியில்தான் கைக்கு வரும்.

எம்.ஃபில். நின்றுவிட்டதே, இனி எப்படி?

பல பத்தாண்டுகளாக இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் ஆவதற்கான ராஜபாட்டை எம்.ஃபில். தான். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் இடம் கிடைப்பது பெரிய விஷயம். விண்ணப்பங்கள் குவியும், இடங்கள் சொற்பம்.

எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்துவதாக யு.ஜி.சி. 2022-ல் விதிகளை வெளியிட்டது. மற்றப் பாடங்களுக்கு அது ஓர் ஆராய்ச்சிப் பட்டம் மட்டுமே, பிஎச்.டி. இருப்பதால் பெரிய இழப்பில்லை. உளவியலில் கதை வேறு. இங்கே எம்.ஃபில். என்பது தொழில் செய்வதற்கான உரிமம் மாதிரி. அதனால் மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி ஆகிய இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது.

இதற்கு மாற்றாக மருத்துவ உளவியலில் நான்காண்டு ஆனர்ஸ் பட்டம், முதுகலைப் பட்டம், சை.டி. என்ற தொழில்முறை முனைவர் பட்டம் என்று புதிய படிநிலைகளை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. இதற்கு முன்பிருந்தே ஓராண்டு தொழில்முறைப் பட்டயப் படிப்பும் இருக்கிறது. ஆனால் அதை முடித்தவர் ‘அசோசியேட்’ நிலையில்தான் பதிவு பெற முடியும்.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ‘எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி’ என்று பெயர் வைத்திருப்பதாலேயே ஒரு படிப்பு ஆர்.சி.ஐ. பதிவுக்குத் தகுதியாகிவிடாது. அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் அந்த ஆண்டு ஆகிய மூன்றுக்கும் ஒப்புதல் இருக்கிறதா என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பார்க்க வேண்டும். ‘அப்ளை பண்ணியிருக்கோம், சீக்கிரம் வந்துடும்’ என்ற பதில் போதாது.

வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்கலாமா?

ஐ.டி.யிலோ வங்கியிலோ ஐந்தாறு வருடம் ஓடிய பிறகு, ‘மனநலத் துறைக்கு மாறிடலாமா’ என்று யோசிப்பவர்கள் நிறைய. வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் எம்.ஏ., எம்.எஸ்சி. உளவியல் படிப்பதுதான் அவர்களுக்கு இதுவரை எளிதான வழியாக இருந்தது.

அந்த வழி இப்போது இல்லை. உளவியல் உள்ளிட்ட உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025-ல் யு.ஜி.சி. உத்தரவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கைக்குத் தடை.

காரணம், 2021-ம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட தேசிய துணைநிலை மற்றும் உடல்நலப் பணியாளர் ஆணையச் சட்டம். ஆர்.சி.ஐ.யின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர்களைத் தவிர்த்த மற்ற உளவியலாளர்களை இந்தச் சட்டம் உடல்நலப் பணியாளர்களாகப் பட்டியலிடுகிறது. பிசியோதெரபியை வீட்டிலிருந்தே படித்துவிட முடியாது. அதுபோலத்தான் இதுவும் என்பது இதன் தர்க்கம்.

இதில் நியாயம் இருக்கிறது. இழப்பும் இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு படிப்பைத் தொடர நினைத்த பெண்கள், உளவியல் துறையே இல்லாத ஊர்களில் வசிப்பவர்கள், சம்பளத்தை விட முடியாதவர்கள் ஆகியோருக்கு அது ஒன்றுதான் வாசலாக இருந்தது. அவர்கள் இனி முழுநேரப் படிப்புக்கான இரண்டு வருடத்தையும் அதற்கான பணத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருக்கும். வார இறுதியில் நடக்கும் ‘சர்ட்டிஃபிகேட் இன் கவுன்சலிங்’ வகுப்புகள் அறிவுக்கு உதவலாம். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்டுவது சரியல்ல.

சரி, ஆர்.சி.ஐ. பதிவு இல்லாவிட்டால் வேலையே இல்லையா?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. மருத்துவமனை என்ற ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதால்தான் மற்றவை கண்ணில் படுவதில்லை.

கல்வி நிறுவனங்கள்: விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவி உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்குமான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் குறைந்தது ஒரு தகுதிபெற்ற கவுன்சலரையோ, உளவியலாளரையோ, சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கோச்சிங் சென்டர்களும் இதில் அடங்கும். இது முழுமையாகச் செயலுக்கு வந்தால் எவ்வளவு பேர் தேவைப்படுவார்கள் என்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தாலே புரியும்.

நீதித் துறை: குடும்ப நீதிமன்றங்களில் கவுன்சலர்களுக்கு 1984-ம் ஆண்டுச் சட்டமே இடம் தந்திருக்கிறது. 16 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒருவர் கொடுங்குற்ற வழக்கில் சிக்கினால், அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்பதை முடிவுசெய்யும் முன், அவரது மனநிலையையும் புரிதல் திறனையும் மதிப்பிட வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். சிறார் நீதி வாரியத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லையென்றால், அனுபவமுள்ள உளவியலாளர் போன்ற நிபுணர்களின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. ஒரு சிறுவனின் மீதி வாழ்க்கை அந்த அறிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ரயில்வே, ராணுவம்: ரயில்வேயின் உதவி லோகோ பைலட் தேர்வு எழுதியவர்களுக்கு சி.பி.ஏ.டி. சோதனை தெரிந்திருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் எடுக்க வேண்டும். எந்தப் பிரிவினருக்கும் தளர்வு இல்லை. கவனம், நினைவு, புலனறிவு வேகம் ஆகியவற்றை அளக்கும் இந்தச் சோதனை முழுக்க உளவியல் சமாச்சாரம். லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ராணுவ அதிகாரிகளைத் தேர்வுசெய்யும் எஸ்.எஸ்.பி.யில் படத்தைப் பார்த்துக் கதை எழுதச் சொல்வார்கள் அல்லவா? அதைப் படித்து மதிப்பிடுபவர் உளவியலாளர். டெல்லியில் டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் உளவியல் ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனமே இயங்குகிறது.

கார்ப்பரேட்: மனிதவளத் துறையில் ஆள் தேர்வு, பயிற்சி, பணியாளர் நலம் ஆகியவை பழைய வாய்ப்புகள். யூசர் ரிசர்ச் புதியது. ஒரு செயலியில் எந்த பட்டனை மக்கள் தவறவிடுகிறார்கள், எங்கே குழம்பி வெளியேறுகிறார்கள் என்பதைப் பேட்டி எடுத்தும் சோதித்தும் கண்டுபிடிக்கும் வேலை. பரிசோதனையை வடிவமைக்கவும் புள்ளிவிவரத்தைப் படிக்கவும் தெரிந்த உளவியல் மாணவருக்கு இது இயல்பாகப் பொருந்தும்.

விளையாட்டு: சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது, அவருடைய மனத்திடப் பயிற்சியாளர் பேடி அப்டன் பற்றியும் பலர் தெரிந்துகொண்டார்கள். 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடனும் பணியாற்றியவர் அவர். வளர்ந்துவரும் துறைதான், ஆனால் இடங்கள் குறைவு, பாதையும் நேர்கோட்டில் இல்லை. விளையாட்டுலக அனுபவமும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

கற்பித்தல்: முதுநிலைப் பட்டத்துடன் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சி பெற்றால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. குடிமைப்பணித் தேர்வில் விருப்பப் பாடமாகவும் உளவியலை எடுக்கலாம்.

வகுப்பில் தடுமாறுவது எங்கே?

‘மேத்ஸ் வராது, அதான் சைக்காலஜி எடுத்தேன்’ என்று வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி புள்ளியியல் தாள். டி-டெஸ்ட், கோரிலேஷன், அனோவா எல்லாம் இங்கே காத்திருக்கும். ஒரு சிகிச்சை உண்மையிலேயே பலன் தந்ததா, தற்செயலா என்று பிரித்துச் சொல்ல இவை இல்லாமல் முடியாது. முதுநிலை நுழைவுத் தேர்வு, நெட், யூசர் ரிசர்ச், பிஎச்.டி. என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தத் தாள் கூடவே வரும். ஆர், ஜமோவி போன்ற மென்பொருள்கள் இலவசம். முதல் வருடத்திலேயே தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

படிக்கும் முறைக்கு உளவியலே வழி சொல்லியிருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான்.

பரீட்சைக்கு முந்தைய இரவு மஞ்சள் ஹைலைட்டரோடு உட்காருவதை விட, வாரம் ஒருமுறை வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பது மேல். தேர்வுக்கு வரும் என்று இந்த ஆய்வை மனப்பாடம் செய்பவர்களே அதைத் தங்கள் படிப்பில் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வேடிக்கை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது ஆகுமா?

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதுவும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் ஆண்டு கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வேலைக்குப் போன பிறகு கணக்கு மாறும். உதவி தேடி வருபவர் ‘எனக்கு ஆங்சைட்டி’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘மனசு பாரமா இருக்கு’, ‘தூக்கமே இல்லைங்க’ என்றுதான் ஆரம்பிப்பார். வெளிநாட்டில் உருவான மனச்சோர்வு அளவுகோல் ஒன்றில் ‘ப்ளூஸ்’ என்ற சொல் வருகிறது. அதை ‘நீலம்’ என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. எந்தச் சொல்லைப் போட்டால் மதுரைக்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் ஒரே பொருள் தரும் என்று யோசிப்பது ஆராய்ச்சிக்கான தலைப்பாகவே ஆகலாம்.

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும் என்றால், நுண்ணறிவுச் சோதனை நடத்தப்படும். கேள்வியைக் குழந்தைக்குப் புரியும் தமிழில் கேட்கத் தெரியாதவர் நடத்தினால் மதிப்பெண் தவறும். அந்த எண்ணை நம்பித்தான் அரசின் உதவித்தொகையும் சலுகைகளும் இருக்கின்றன.

சேர்வதற்கு முன் கல்லூரியில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

• இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு ஆர்.சி.ஐ. ஒப்புதல் இருக்கிறதா? இருந்தால், எந்த நிலையில் பதிவு கிடைக்கும்?

• பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, பள்ளி அல்லது அமைப்புடன் ஒப்பந்தம் இருக்கிறது? எத்தனை மணி நேரம்?

• பயிற்சியின்போது மேற்பார்வை செய்பவர் யார்? அவர் பதிவுபெற்ற நிபுணரா?

• சோதனைக் கருவிகளுடன் ஆய்வகம் இருக்கிறதா, அல்லது ரெக்கார்ட் நோட்டில் மட்டும்தான் பரிசோதனையா?

• போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா?

ஐந்தாவது கேள்வி மிகவும் முக்கியம். பிரவுச்சர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

தேவை இருக்கிறதா?

நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோரில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பது தெரியவந்தது. சிகிச்சை கிடைக்காதவர்களின் விகிதம், பிரச்சினையின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. அரசின் மனநல உதவி எண்ணான 14416, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அந்த எண்ணை அழைப்பவருக்குப் பதில் சொல்லவும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

ஆக, ‘சைக்காலஜி படிச்சா வேலை கிடைக்குமா?’ என்று கேட்பவருக்கு, ‘எந்த வேலை?’ என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில். மருத்துவமனை என்றால் ஆர்.சி.ஐ. வழி. பள்ளி என்றால் முதுநிலைப் பட்டமும் நல்ல களப்பயிற்சியும். ஆராய்ச்சி என்றால் புள்ளியியலும் நெட் தேர்வும். கார்ப்பரேட் என்றால் இன்டர்ன்ஷிப். இதில் எது என்பதை இளநிலை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஓரளவு தீர்மானித்துவிட்டால், மூன்றாம் ஆண்டில் நுழைவுத் தேர்வுக்குத் தயாராக நேரம் இருக்கும். பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறவருக்கு அந்த நேரம் இருக்காது.